ஹெர்ரிங் கடற்காகமும் பழுப்புத் தவளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கடற்காகம், எந்தத் தவளை?

கடற்காகங்களில் ஏறக்குறைய 50 இனங்கள் இருக்கின்றன. தவளை, தேரை வகையில் 7,000-க்கும் மேல். எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசப்போனால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பறவையில் ஹெர்ரிங் கடற்காகம். விலங்கியல் பெயர் லாரஸ் அர்ஜென்டேட்டஸ். தவளையில் ஐரோப்பியப் பழுப்புத் தவளை. விலங்கியல் பெயர் ரானா டெம்பொராரியா.

வடமேற்கு ஐரோப்பாவில் ஒரே குளத்தங்கரையில் இந்த இரண்டையும் பார்க்கலாம். அதே குளிர், அதே மழை, அதே மண். ஆனாலும் இரண்டும் பிழைக்கும் வழி வேறு வேறு. அந்த வேறுபாட்டின் ஆணிவேர் தண்ணீர். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் கடைசியில் தண்ணீரிடம்தான் போய் நிற்கும்.

பார்வைக்கு எப்படி இருக்கும்?

வளர்ந்த கடற்காகத்துக்குத் தலையும் வயிறும் வெள்ளை, முதுகு வெளிர்சாம்பல், இறக்கை நுனி கறுப்பு, கால் இளஞ்சிவப்பு. மஞ்சள் அலகின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நீளம் 55 முதல் 67 செ.மீ., இறக்கையை விரித்தால் 125 முதல் 155 செ.மீ., எடை ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே.

தவளை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்; 6 முதல் 9 செ.மீ. பழுப்பு, ஆலிவ் பச்சை, சில சமயம் செங்கல் சிவப்பு என்று நிறம் ஆளுக்கு ஆள் மாறும். சூழலுக்குத் தக்கபடி கொஞ்சம் வெளிறவும் கறுக்கவும் அதற்குத் தெரியும். கண்ணுக்குப் பின்னால் உள்ள கறுத்த திட்டுதான் நல்ல அடையாளம். ஒரு கடற்காகத்தின் எடைக்கு முப்பது நாற்பது தவளைகளை வைக்கலாம்.

இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?

உண்டு, ஆனால் மிகத் தூரத்து உறவு. இரண்டும் முதுகெலும்பும் நான்கு கால்களும் கொண்ட ஒரே மூதாதையிலிருந்து வந்தவை (கடற்காகத்தின் முன்கால்கள் இறக்கைகளாகிவிட்டன). அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து சுமார் 35 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கிளை தவளை, சாலமாண்டர் போன்ற இருவாழ்விகளாயிற்று. மற்றக் கிளையில் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவை, பாலூட்டிகள். இன்று உயிரோடு இருப்பவற்றில் பறவைகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் முதலைதான். மனிதர்களும் அந்தக் கிளைதான். அந்தக் கணக்கில் தவளையைவிடக் கடற்காகம் நமக்குக் கிட்டத்து உறவு.

ஒரே ஒரு வித்தியாசத்தைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

முட்டை. யோசிக்காமல் சொல்வேன்.

தவளையின் முட்டையைக் கையளவு தூரத்தில் குனிந்து பாருங்கள். கண்ணாடி போன்ற ஒரு கூழ் உருண்டை, நடுவே மிளகளவு கறுப்புப் புள்ளி. ஓடு கிடையாது. பெண் தவளை இடும்போது கூழ் மெல்லிய பூச்சாகத்தான் இருக்கும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு உப்பிவிடும். ஆயிரம் இரண்டாயிரம் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு மொத்தையாக ஆழமில்லாத ஓரத்தில் மிதக்கும். கறுப்பு நிறத்துக்கும் வேலை உண்டு: வசந்தத்தின் தொடக்கத்தில் கிடைக்கும் அரைகுறை வெயிலை அது வாங்கிக்கொள்கிறது. அந்த மொத்தையின் உட்புறம் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். மூச்சுக்காற்று தண்ணீரிலிருந்து வரும், கழிவு தண்ணீருக்கே போகும். குளம் வற்றினால் எல்லாம் முடிந்தது.

கடற்காகத்தின் முட்டைக்குள்ளும் ஒரு குளம் இருக்கிறது. கரு ஒரு சவ்வுப் பைக்குள் திரவத்தில் மிதந்தபடிதான் வளர்கிறது. மஞ்சள்கரு சாப்பாடு. வெண்கரு தண்ணீரும் புரதமும். கழிவைச் சேர்த்துவைக்கத் தனியாக ஒரு பை. வெளியே சுண்ணாம்பு ஓடு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் காற்று போய் வரும். குளத்தைத் தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை, ஒவ்வொரு முட்டைக்கும் சொந்தமாக ஒரு குளத்தைக் கட்டி மூடிக் கொடுத்தாகிவிட்டது. அதனால்தான் அந்தப் பறவையால் காற்றடிக்கும் வெறும் பாறை மேல், வீட்டுக் கூரை மேல்கூட, கூடு வைக்க முடிகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் கிளைக்கிறது. ஓடு விழுந்த பிறகு விந்து உள்ளே நுழைய முடியாது. எனவே பறவையில் கருவுறுதல் உடம்புக்குள்ளேயே நடந்தாக வேண்டும். தவளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண் தவளை பெண்ணின் முதுகில் ஏறி, கட்டைவிரலில் உள்ள சொரசொரப்பான திண்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். முட்டை வெளியே வர வர அதன் மேல் விந்தை விடும்.

கடற்காகம் கடல்நீரைக் குடிக்குமா?

தாராளமாகக் குடிக்கும். நாம் கடல்நீரைக் குடித்தால் உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் அதைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும், தாகம்தான் கூடும். கடற்காகத்துக்குக் கண்களுக்கு மேலே, மண்டையோட்டுப் பள்ளத்தில், இரண்டு உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, கடல்நீரைவிட உவர்ப்பான திரவமாக நாசித் துளை வழியே வெளியே விடுகின்றன. பாறையில் சும்மா நிற்கும் ஒரு கடற்காகத்தின் அலகு நுனியையே சிறிது நேரம் கவனித்தால் ஒரு சொட்டு திரண்டு தொங்குவது தெரியும். சட்டென்று தலையை உதறும், சொட்டு போய்விடும். பார்ப்பவர்களில் பலர் அதைச் சளி என்று நினைக்கிறார்கள். அது உப்பு.

தவளையைக் கடலில் விட்டால்?

செத்துவிடும். அதன் தோல் தண்ணீரை இரண்டு பக்கமும் விடும் தோல். வெளியே உப்பு கூடுதலாக இருந்தால் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு வற்றிப்போகும். தென்கிழக்கு ஆசியாவின் சதுப்புநிலக் காடுகளில் நண்டு தின்னும் தவளை என்று ஒன்று உவர்நீரில் வாழ்கிறது. அது ரத்தத்தில் யூரியாவைத் தேக்கிவைத்து, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமாளிக்கிறது. அது விதிவிலக்கு. பழுப்புத் தவளைக்கு அந்த வித்தை இல்லை.

தவளை எப்படித் தண்ணீர் குடிக்கிறது?

வாயால் குடிப்பதில்லை. ஈரத் தரையில் வயிற்றை அமுக்கி உட்கார்ந்தாலே போதும், அடிவயிறும் தொடையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கழிவிலும் இந்தத் தண்ணீர்க் கணக்கு தெரிகிறது. தலைப்பிரட்டை சுற்றிலும் தண்ணீர் இருக்கிற தைரியத்தில் நச்சு அதிகமான அம்மோனியாவாகவே விட்டுவிடும். வளர்ந்த தவளை அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீராக விடும். கடற்காகமோ யூரிக் அமிலமாக, பசை போல வெள்ளையாகக் கழிக்கும். அதற்குச் செலவாகும் தண்ணீர் மிகக் கொஞ்சம்.

மூச்சு விடுவதில் என்ன வேறுபாடு?

தவளைக்கு நம்மைப் போல மார்புக்கூடு கிடையாது, உதரவிதானமும் கிடையாது. தொண்டையின் அடிப்பகுதியைக் கீழே இறக்கி மூக்கு வழியாகக் காற்றை வாய்க்குள் வாங்கும்; பிறகு மூக்கை மூடிக்கொண்டு தொண்டையை மேலே தூக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். உட்கார்ந்திருக்கும் தவளையின் தொண்டை விடாமல் துடித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். இது போக, ஈரமான தோல் வழியாகவும் மூச்சு விடும். தோல் காய்ந்தால் அந்த வழி அடைபடும்.

பறவையின் நுரையீரல் வேறு தினுசு. முன்னும் பின்னும் உள்ள காற்றுப் பைகள் துருத்தி போல வேலை செய்வதால் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இதயமும் அப்படியே: தவளைக்கு மூன்று அறை, கடற்காகத்துக்கு நான்கு. மணிக்கணக்கில் பறக்கிற உடம்புக்கு இவ்வளவும் வேண்டும்.

குளிர்காலத்தில் இரண்டும் என்ன செய்யும்?

கடற்காகத்தின் உடம்பு எப்போதும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வெளியே பனி உறைந்தாலும் உள்ளே அடுப்பு எரிந்தாக வேண்டும். அதனால் தினமும் தின்றாக வேண்டும். பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நிற்கிறதே என்று கேட்பார்கள். காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டி ஓடுவதால் சூடு வழியிலேயே கைமாறிவிடுகிறது. பாதம் குளிர்ந்துதான் இருக்கும், உடம்பின் சூடு அதன் வழியே வீணாவதில்லை. வடக்கே மிகக் கடுங்குளிர்ப் பகுதிகளில் வாழ்பவை தெற்கே நகர்ந்துவிடும்.

தவளை அடுப்பையே அணைத்துவிடும். கட்டைகளுக்கும் கற்களுக்கும் அடியிலோ, குளத்தின் அடியிலுள்ள சேற்றிலோ முடங்கிக்கொள்ளும். குளத்தடியில் கிடக்கும் தவளை மாதக்கணக்கில் தோலாலேயே மூச்சு விடுகிறது. இதயம் மிக மெதுவாகத் துடிக்கும், சாப்பாடு கிடையாது. குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும் என்பதும், குளிர்ந்த உடம்புக்குத் தேவை குறைவு என்பதும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. பனி நீண்ட நாள் மூடிக் கிடந்து, அடியில் இலைகள் அழுகி, பிராணவாயு தீர்ந்துபோனால் அங்கேயே செத்துப்போவதும் உண்டு.

ஒன்று மூன்று முட்டை இடுகிறது, மற்றது ஆயிரக்கணக்கில் இடுகிறது. ஏன்?

கடற்காகம் வழக்கமாக மூன்று முட்டை இடும். தாயும் தந்தையும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கும். பொரித்த பிறகு இன்னும் ஐந்தாறு வாரம் ஊட்டி வளர்க்கும். நெருங்கினால் தலைக்கு நேரே பாய்ந்து வரும். தவளை முட்டையிட்ட கையோடு போய்விடும். மீன், நீர்ப்பூச்சி, பறவை என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் தின்றது போகத்தான் மிச்சம்.

ஆனால் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பாருங்கள். ஓர் இனம் கூடாமலும் குறையாமலும் நிலைத்திருக்க வேண்டுமானால், ஒரு ஜோடியின் வாழ்நாள் முழுவதற்கும் சராசரியாக இரண்டு பிள்ளைகள் வளர்ந்து பெரிதானால் போதும். இரண்டும் அந்த இரண்டுக்காகத்தான் பாடுபடுகின்றன. தவளையைப் பொறுப்பில்லாத தாய் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தன் உடம்பின் எடையில் கணிசமான பங்கை ஒரே இரவில் முட்டையாகக் கொடுத்துவிட்டுப் போகிற உயிர் அது.

குஞ்சும் தலைப்பிரட்டையும் எப்படி வளர்கின்றன?

குஞ்சு அலகு நுனியில் உள்ள ஒரு சின்ன முளையால் ஓட்டைக் குத்தி உடைத்து வெளியே வரும். தலைப்பிரட்டை நொதியைச் சுரந்து கூழைக் கரைத்துக்கொண்டு வரும். இட்டதிலிருந்து இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் செவுள், வால், பாசியைச் சுரண்டித் தின்பதற்கான வாய், சுருள் சுருளாக நீண்ட குடல். பிறகு பின்னங்கால், அடுத்து முன்னங்கால். குடல் சுருங்கும், வாய் அகலும், நுரையீரல் வேலைக்கு வரும். வால் உதிர்ந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உதிர்வதில்லை. உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சிச் சாப்பாடாக ஆக்கிக்கொள்கிறது. இத்தனைக்கும் ஆணையிடுவது தைராய்டு சுரப்புதான். மூன்று மாதம் போல ஆனதும் விரல்நகம் அளவு தவளைக்குட்டி கரையேறும்.

கடற்காகக் குஞ்சு பிறக்கும்போதே பறவை உருவம்தான். ஆனால் வளர்ந்ததன் வெள்ளையும் சாம்பலும் வர நான்கு ஆண்டு ஆகும். அதுவரை பழுப்புப் புள்ளி போட்ட உடம்பு. அதை வேறு இனம் என்று நினைத்துவிடுகிறவர்கள் ஏராளம்.

அந்தச் சிவப்புப் பொட்டு எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தாய்ப்பறவை கூட்டுக்கு வந்து குனிந்து நிற்கும். குஞ்சு அந்தப் பொட்டையே குறிபார்த்து டக் டக்கென்று கொத்தும். உடனே தாய் விழுங்கிவைத்த மீனைக் கக்கிக் கொடுக்கும். பொட்டு, பசியையும் ஊட்டுதலையும் இணைக்கிற பொத்தான்.

நெதர்லாந்தில் பிறந்த நிக்கோ டின்பெர்கன் இதை அட்டையில் செய்த தலைகளை வைத்துச் சோதித்தார். பொட்டே இல்லாத அலகைக் குஞ்சுகள் குறைவாகக் கொத்தின. சிவப்புப் பொட்டு வைத்ததை மிக அதிகமாகக் கொத்தின. தலையை விட்டுவிட்டு, நுனியில் வெள்ளை வளையங்கள் போட்ட ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியை மட்டும் நீட்டினார். உண்மையான தலையைப் போலச் செய்ததைவிட அந்தக் குச்சியையே குஞ்சுகள் ஆவலாகக் கொத்தின. குஞ்சு தாயைத் தேடவில்லை, சிவப்பையும் மெலிவையும் பளிச்சென்ற வேறுபாட்டையும்தான் தேடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக அவருக்கும் கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோருக்கும் 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரை பிடிப்பதில் யார் கெட்டிக்காரர்?

தவளை காத்திருந்து பிடிக்கும். அசையாத பூச்சி பக்கத்திலேயே கிடந்தாலும் கண்டுகொள்ளாது. அசைந்தால் நாக்கு பாய்ந்துவிடும். அந்த நாக்கு வாயின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, நுனி தொண்டைப் பக்கம் மடிந்து கிடக்கும். விழுங்கும்போது தவளை கண்ணை மூடும். ரசித்துச் சாப்பிடுவது போலத் தெரியும். உண்மையில் கண்விழிகள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன.

கடற்காகம் எதையும் தின்னும்: மீன், நண்டு, முட்டை, குப்பை. சிப்பியைத் தூக்கிக்கொண்டு மேலே பறந்து பாறையில் போட்டு உடைக்கும். புல்தரையில் நின்ற இடத்திலேயே இரண்டு காலாலும் தப்தப்பென்று மிதிக்கும். அந்த அதிர்வில் மண்புழு மேலே வரும். பாரிஸில் ஒரு ஹெர்ரிங் கடற்காகம் ரொட்டித் துண்டைத் தண்ணீரில் போட்டு, அதைத் தின்ன வந்த மீனைப் பிடித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் திறனில் கடற்காகம் வெகு தூரம் முன்னால் இருக்கிறது. தினமும் தின்றே ஆக வேண்டிய உடம்புக்கு அந்த மூளை தேவைப்படுகிறது. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கத் தெரிந்த தவளைக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டுக்கும் விரலிடைச் சவ்வு இருக்கிறதே, அது ஒற்றுமைதானே?

பார்க்க ஒற்றுமை, வந்த வழி வேறு. கடற்காகத்தின் முன்விரல்கள் மூன்றையும் சவ்வு இணைக்கிறது. தவளைக்குப் பின்னங்காலின் ஐந்து விரல்களுக்கு நடுவில் சவ்வு, முன்னங்காலில் இல்லை. தண்ணீரைத் தள்ள வேண்டிய தேவை இரண்டுக்கும் தனித்தனியாக அதையே கொடுத்திருக்கிறது.

உண்மையான ஒற்றுமைகளும் உண்டு. இரண்டுக்கும் கண்ணைக் காக்கும் மூன்றாவது இமை இருக்கிறது. கழிவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் சேர்த்து ஒரே துவாரம்தான்.

சத்தம்?

கடற்காகம் தலையைக் கீழே தாழ்த்தி, பிறகு அண்ணாந்து, வாயை முழுக்கத் திறந்து கத்தும். ஆண் தவளை வாயை மூடிக்கொண்டு, நுரையீரலுக்கும் வாய்க்கும் இடையே காற்றை அனுப்பி அனுப்பி, பூனை உறுமுவது போல மெல்ல ஒலிக்கும். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பழமொழி இந்த இனத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே பொருந்தும். அவ்வளவு சின்னக் குரல்.

கடற்காகம் தவளையைத் தின்னுமா?

கிடைத்தால் தின்னும். ஆனால் அதன் முக்கிய உணவு அதுவல்ல.

எவ்வளவு காலம் வாழும்?

தவளை பெரிதாகி முட்டையிட இரண்டு மூன்று ஆண்டு; அதற்கு மேல் தப்பினால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை. காலில் வளையம் மாட்டிய கடற்காகங்கள் முப்பது ஆண்டையும் தாண்டியிருக்கின்றன.

இவை அழிந்துவருகின்றனவா?

பழுப்புத் தவளை ஒட்டுமொத்தமாக இன்னும் பரவலாகவே இருக்கிறது. ஆனால் ரானா வைரஸ் என்ற நோய் 1980-களின் பிற்பாதியிலிருந்து இங்கிலாந்தின் தோட்டக் குளங்களில் கூட்டம் கூட்டமாகத் தவளைகளைக் கொன்றிருக்கிறது. சின்னச் சின்னக் குளங்கள் தூர்க்கப்படுவது சத்தமில்லாத இன்னொரு அடி.

கடற்காகத்தின் கதை பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். நகரங்களில் எங்கு பார்த்தாலும் தெரிகிறதே, அதற்கென்ன குறை என்பார்கள். பிரிட்டனில் 2009 முதல் அது, பாதுகாப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கூரைகளில் கூடுவது கண்ணில் படுகிறது, கடற்கரைப் பாறைகளில் குறைவது படுவதில்லை. அண்மை ஆண்டுகளில் பறவைக் காய்ச்சலும் கடற்பறவைகளைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது.

வழியில் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

தவளையைக் கட்டாயம் நகர்த்த வேண்டியிருந்தால் கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுங்கள். கிருமிநாசினி, கைக்குப் பூசும் கிரீம், உப்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது; நீங்கள் தொடுவது தோலை மட்டுமல்ல, அதன் மூச்சுப் பாதையை. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள். தவளை முட்டையையோ தலைப்பிரட்டையையோ ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் நோயும் கூடவே போகும்.

கடற்காகக் குஞ்சு பறக்கப் பழகும் நாட்களில் தரையில் தனியாக நிற்கும். பெற்றோர் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். காயமில்லை என்றால் அப்படியே விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கடற்கரையில் உங்கள் சாப்பாட்டின் மேல் ஒரு கடற்காகம் கண் வைத்தால், அதை நேராகப் பாருங்கள். எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், மனிதர் முறைத்துப் பார்த்தபோது கடற்காகங்கள் உணவை நெருங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டன. சில நெருங்கவே இல்லை. கல்லெடுக்கத் தேவையில்லை, கண்ணெடுக்காமல் இருந்தால் போதும்.